அது பிடித்துக்கொண்டது

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
கோட்டைக் கழற்றாமலே எல்லோரும்
நெருப்பைப் பற்றிப் பேசினார்கள்.

குற்றப்பத்திரிகையில் 'ஆர்சன்' என்றிருந்தது.
ஜெத்ரோ லஸ்கம்ப் அந்தச் சொல்லை
தன் தலையில் யாரோ மாற்றி வைத்துவிட்ட
தொப்பி மாதிரி ஏற்றுக்கொண்டு நின்றார்.
"நான் ஸ்வேல் பண்ணினேன். அவ்வளவுதான்."
குமாஸ்தா நிமிர்ந்தார். அதை எப்படி எழுதுவது?
"ஸ்வேல். முட்புதர் கொளுத்துவது.
மார்ச் முடியுமுன் மேட்டை எரித்துவிட்டால்
மே மாதம் ஆடுகளுக்குப் புல்."

டார்ட்மூர்ச் சரிவில்
நாலைந்து பள்ளத்தாக்குக்குள் செல்லுபடியாகும் சொல்.
நகரத்தில் நீட்டினால்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்
திருப்பியே தந்துவிடுவார்கள்.

காப்பீட்டு அறிக்கையில் 'இக்னிஷன்' மூன்று இடத்தில்.
சாவி திருகி யாரோ
கொட்டகையை ஓட்டிக்கொண்டு போனதுபோல.
தீயணைப்பு அதிகாரி 'ஸ்மோல்டர்' என்றார்
வாயை அதிகம் திறக்காமல்.
ஈர வைக்கோலுக்குள் மணிக்கணக்கில் கனிந்து
வெளியே ஒன்றுமே தெரியாமல்.

"திருமதி நார்த்மோரின் கொட்டகை?"
"இட் காட்" என்றார் ஜெத்ரோ.
அது பிடித்துக்கொண்டது.

நம் பேச்சில் தீதான் பிடிக்கும்,
பேய் பிடிக்கிற மாதிரி, சளி பிடிக்கிற மாதிரி.
பிடிபட்டது பாவம்.
இங்கே கொட்டகை பிடிக்கிறது,
வேலியோரம் காத்து நின்று
உயர வந்த பந்தைக்
கைநீட்டி வாங்கியதுபோல.
அரசு வக்கீல் மிஸ் பிம் இதைத்தான் பிடித்தார்:
"சரி, பிடித்தது. எறிந்தது யார்?"

ஜெத்ரோ கட்டுப்போட்ட வலக்கையைப் பார்த்தார்.
புருவம் இருக்க வேண்டிய இடத்தில்
இளஞ்சிவப்பாகத் தோல்.
பதிலைக் காணோம்.

கெசையா நார்த்மோர் ஏறினார்.
மதியம் முழுக்கப் புதர்ப்பூவின் மணமாம்,
அந்த மஞ்சள் பூவுக்குத் தேங்காய் மணம்,
எரியும்போது இன்னும் அதிகம்.
"அன்று காலையில்தான் பிராம்பிள் கிண்டில் பண்ணியிருந்தாள்."
பெஞ்சின் நடுவில் இருந்தவர் வெளியூர்க்காரர்.
"மூட்டினாளா? யார் இந்தப் பிராம்பிள்?"
"என் முயல், ஐயா."
பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
மிஸ் பிம் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார்.
முயல் தீ வைத்ததா என்று
கேட்கப்போன வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது.

"முயல் குட்டி போட்டால் அப்படித்தான் சொல்வோம்.
அடுப்பு பற்றவைத்தாலும் அதே சொல்தான்,
நான் என்ன செய்ய.
ஒன்பது குட்டி.
வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டிருந்தாள்.
கண் திறக்கப் பத்து நாள் ஆகும்."

அப்போதுதான் ஹீட்டர் இல்லாதது
எல்லோருக்கும் உறைத்தது.

குமாஸ்தா எழுதினார்:
கிண்டில் – காலை ஆறு மணி.
அடுத்த வரியில்
காட் – மாலை நாலு நாற்பது.
இரண்டுக்கும் நடுவே விட வேண்டிய இடம்
எவ்வளவென்று தெரியாமல்
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

தீர்ப்பு இரண்டு வாரம் தள்ளிப் போனது.

வெளியே படிக்கட்டில்
இடக்கையால் சிகரெட்டை எடுத்துவிட்டு
ஜெத்ரோ யாரிடமாவது 'லைட்' கேட்கப் பார்த்தார்.
தீ வேண்டுமென்றால்
வெளிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள் இங்கே.
கதவு திறந்து வந்தது கெசையா.
சிகரெட் திரும்பப் பெட்டிக்குள் போனது.

கையுறை மாட்டியபடி இரண்டு படி இறங்கினார்.
நின்றார். திரும்பவில்லை.
"கூண்டின் கொக்கி
எப்போதும் கொஞ்சம் இறுக்கம்தான்" என்றார்.
ஜெத்ரோ தன் கட்டுக்கு மேல் கோட்டுக் கையை இழுத்துவிட்டார்.

"அடுத்த வருஷம் ஸ்வேல் பண்ணும்போது
முதல் நாளே வந்து சொல்."

நாலரை பஸ் வந்துவிட்டது.
சில்லறையைக் கையில் எண்ணிக்கொண்டே போனார்.