விலாசம்

வைகாசி முகூர்த்தம்.
தேவகோட்டைக் கடையில் கால் வைக்க இடமில்லை.
மூன்று வீட்டுச் சாமான்
ஒரே நாளில் அடுக்கிக் கட்டுகிறோம்.

பதினொன்றே காலுக்கு மெயில் வந்தது.
மும்பையில் நாங்கள் தட்டு எடுக்கும் கம்பெனி.
"எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது.
நிலுவை நான்கு லட்சத்து எண்பதாயிரத்தை
இன்று மாலைக்குள் புதிய கணக்கில் செலுத்தவும்.
தவறினால் சரக்கு நிறுத்தப்படும்."
கீழே அதே முத்திரை, அதே சிவப்பு.

அடைக்கப்பன் அண்ணன் கானாடுகாத்தானில்,
பெண் வீட்டாரோடு பட்டியல் பேசிக்கொண்டு.
"போட்டு விடு சிகப்பி" என்கிறார் போனில்.
பின்னால் யாரோ குத்துவிளக்கு எண்ணும் சத்தம்.

நான் போடவில்லை.
"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே" என்றிருந்தது.
ஜிக்னேஷ் பாய் எட்டு வருஷமாக
"சிக்கபி பென்" என்று
தப்பாகத்தான் எழுதுவார்.

எங்கள் பக்கம்
விலாசத்தில் ஓர் எழுத்து மாறினால் வேறு வீடு.
மு.க.அடை. ஓர் ஊர்,
மு.கா.அடை. வேறு ஊர், வேறு கோயில்.
மொய்ப்பண ஏட்டில் பிசகினால்
பந்தியிலேயே கேட்டுவிடுவார்கள்.

அனுப்பியவர் விலாசத்தை
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
எம் நிற்க வேண்டிய இடத்தில்
ஆரும் என்னும் தோளோடு தோள் ஒட்டி
எம்மாக நின்றன,
கல்யாணக் கூட்டத்தில்
சம்பந்தி மாதிரி சிரிக்கும் இரண்டு அந்நியர்.

மெயிலில் தந்த நம்பரைத் தொடவில்லை.
பழைய பில்லின் தலையில் அச்சடித்த நம்பருக்குப் போட்டேன்.
"கணக்கு மாறவே இல்லை பென்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இன்னும் எத்தனை கடைக்குப் போயிருக்குமோ" என்றார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார்,
கையில் சீப்புச்சீடைப் பொட்டலம்.
"எப்படி ஆத்தா கண்டுபிடிச்சே?"
கட்டு கட்டுகிற பையன்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

மாசியில் எனக்கும் ஒன்று வந்தது.
"இன்றிரவு ஒன்பதரைக்கு
உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்."
அடுப்பில் குழம்பு. வலக்கையில் கரண்டி.
இடக்கைக் கட்டைவிரல் அமுக்கிவிட்டது.
பதினேழாயிரம், மகனின் செமஸ்டர் பணம்.
சீட்டில் கட்டியிருக்கிறேன் என்று
வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பசங்களுக்கும் சொல்லிக் குடு" என்றார் அண்ணன்.
சீடை வாயில் கரையவில்லை.
அதை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு
மாசி மாதத்திலிருந்து தொடங்கினேன்.