முப்பத்தோராவது வேகன்

டிக்கெட் இருபது ரூபாய். சனிக்கிழமை, நாலு மணி.
இரும்புத் தூணில் வார்த்த வருடத்தின் மேல்
எத்தனை கை பச்சை பெயின்ட் ஏறியிருக்குமோ,
விரலால் தடவினால் ஒரு எட்டு கிடைக்கிறது.
அடுத்தது ஆறா ஒன்பதா,
தூணுக்கே மறந்திருக்கும்.
துரைமார் உட்கார்ந்த கேலரி என்று பெரம்பூரில் பெருமை பேசுவார்கள்.
எனக்கு மூன்றாம் படி போதும்.
நாலேகாலுக்கெல்லாம் வெயில் அதை விட்டு இறங்கிவிடும்.

கொருக்குப்பேட்டை யார்டில் வேகன் நம்பர் எழுதுகிறவள் நான்.
பதினோரு வருடம்.
கண்ணுக்குக் கொஞ்சம் லீவு கொடுக்கலாமென்றுதான்
ஆட்டம் பார்க்க வந்தேன்.
அது எங்கே கேட்கிறது?
கோல்கீப்பர் முதுகில் ஒன்று.
ஸ்கோர்போர்டு ஆணியில் தகரப் பூஜ்யம் இரண்டு,
காற்றடித்தால் இரண்டும் ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன.
கடலை விற்கும் நூர்தீன் கூடையில்
பதினெட்டுப் பொட்டலம். இப்போது பதினேழு.

சிவப்புச் சட்டை ஒன்பது, எபினேசர்.
எங்கள் தெருதான்.
காலையில் தண்ணி லாரி, மாலையில் இந்தப் புல்.
புல்லென்றால் ஓரத்தில் மட்டும்.
நடுவில் மண், அதில் ஓடுகிறவன் பின்னால்
ஒரு சின்னப் புழுதி விசுவாசமாக ஓடுகிறது.

எழுபத்தோராவது நிமிடம் பெனால்டி.
நானூறு பேரும் எழுந்தோம்.
பழைய பலகைகள் மூச்சு விட்டன.
"எபி, கம்பிய பாக்காத மச்சி!"
"டேய், கம்முனு இரு, அவன் பாக்கப்போறான்!"
பார்த்துவிட்டான்.

ஐந்து அடி ஓடி வந்து உதைத்தான்.
பந்து கம்பிக்கு மேல்,
சிமென்ட் விளம்பரச் சுவருக்கு மேல்,
மின்கம்பிக்கும் மேலே போய்
அங்கேயே குடியிருக்கலாமா என்று யோசித்தது.
அந்த நேரம் பார்த்து
மேட்டூரில் நிலக்கரி கொட்டிவிட்டு
அத்திப்பட்டுக்குத் திரும்பும் காலி ரேக்.

டம்.

காலி இரும்பு மட்டுமே அப்படிப் பேசும்.
லைன்ஸ்மேன் பழக்கத்தில் கொடியைத் தூக்கினார்.
கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு
பதிலுக்குப் பச்சைக் கொடி காட்டிவிட்டுப் போனார்.
கேலரி சிரித்த சிரிப்பில்
கூரைப் புறாக்கள் வியாசர்பாடி வரை போய்த் திரும்பின.

எபினேசர் மட்டும் சிரிக்கவில்லை.
இடுப்பில் கை வைத்து
ரயில் போன திசையையே பார்த்து நின்றான்,
முகவரி சொல்லாமல் போனவளைப் பார்ப்பதுபோல.

நான் யார்டுக்கு போன் போட்டேன். செங்கேணி எடுத்தார்.
"அண்ணே, வர்ற காலி ரேக்ல ஒரு பந்து கீது."
"இன்னா சரக்கு?"
"பந்துண்ணே. கால்பந்து."
"பில் போட்டாங்களா?"
வைத்துவிட்டேன்.

கேன்டீன் பின்னால் ஆடிக்கொண்டிருந்த பசங்களிடம்
ரெஃப்ரீயே போய்ப் பேசினார்.
ஆறு பேருக்கும் இலவச அனுமதி, ஆளுக்கொரு கடலை:
அந்த விலைக்கு வந்தது அடுத்த பந்து.
ஒரு பக்கம் தோல் உரிந்தது.
உருளும்போதெல்லாம் லேசாக நொண்டியது.
மீதி ஆட்டம் முழுக்க
எல்லாரும் அதை நோகாமல் உதைத்த மாதிரி இருந்தது.
பூஜ்யங்கள் ஆணியைவிட்டு இறங்கவேயில்லை.

வெளியே டீக்கடையில் எபினேசர்,
காலில் இன்னும் சேறு காயாத பூட்ஸ்,
கையில் ஆறிப்போன கிளாஸ்.
ஆறுதல் என்று ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கலாம் எனக்கு.
தெரிந்ததைச் சொன்னேன்:
"இன்ஜின்லேருந்து முப்பத்தொண்ணாவது வேகன்."

அவன் நிமிர்ந்தான்.
"முப்பதுன்னு இல்ல நெனச்சேன்" என்றான்.

அப்புறம் இன்னொரு டீ சொன்னான்.
எனக்கு ஒன்று,
சர்க்கரை கேட்காமலே.