ஒரு வரி குறையும்

மெர்ல் ஸ்ட்ரவுட் காலையிலேயே சொல்லிவிட்டார்:
நோரீன், பில் மெஷினைத் தயார் பண்ணி வை.
மாநில மேலவையில் இன்னும் ஓட்டெடுப்பே நடக்கவில்லை.
எங்கள் கடை வாசலில் பதாகை ஏறிவிட்டது:
செப்டம்பர் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு
துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விற்பனை வரி கிடையாது.

வரிக்கு மூன்று நாள் விடுமுறை.
எனக்கு மூன்று நாளும் இரட்டை ஷிஃப்ட்.

மசோதாவின் நகல் நான்கு பக்கம்.
காபிக் கறை படிந்த இரண்டாம் பக்கத்தில் பட்டியல்:
கைத்துப்பாக்கி உண்டு, வேட்டைத் துப்பாக்கி உண்டு,
தோட்டா, உறை, தோள்வார், தொலைநோக்கி உண்டு.
வில்லும் அம்பும்கூட உண்டு,
யாரோ ஓர் உறுப்பினருக்கு மான் வேட்டை அப்படித்தான் பிடிக்குமாம்.
விசையில் மாட்டும் பூட்டு மட்டும் இல்லை.
இரண்டு முறை தேடினேன்.
பூட்டு இரும்புச் சாமான் என்றார் மெர்ல்,
ஆணி, கீல், தாழ்ப்பாள் கணக்கு.
அதற்கு ஏழு சதவீதம்.

குறை சொல்லவில்லை. என் சம்பளம் இதில்தான்.
குளிர் இறங்கினால் நானும் மான் அடிக்கப் போகிறவள்தான்,
போன வருடத்து இறைச்சி இன்னும் ஒரு பொட்டலம்
ஃப்ரீசரில் கிடக்கிறது.
வரி என்றால் யாருக்கு இனிக்கும்?

ஆனாலும் பூஜ்ஜியத்தை அழுத்தப் போகையில்
விரல் கொஞ்சம் நிற்கிறது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். பிட்மன் க்ரீக் முழுக்க மழை.
கடையில் வேறு ஆள் இல்லை.
வெண்டெல் கிரிக்ஸ்பி வந்தார், மர ஆலையில் ரம்பம் ஓட்டியவர்.
தொப்பியிலிருந்து தண்ணீர் கவுண்டரில் சொட்டியது.
எத்தனை வேண்டும் என்றேன்.
இருப்பதிலேயே சின்னப் பெட்டி என்றார்.

இருபது டாலர். வரி ஒன்று நாற்பது.
ஓர் இருபது, ஓர் ஒன்று, பிறகு சில்லறை:
இருபத்தைந்து, பத்து, நான்கு ஒற்றைக் காசு.
ஒரு சென்ட் குறைந்தது.

விடுங்கள் என்றேன். விடவில்லை.
யாருக்கும் பாக்கி வைக்கக் கூடாது என்றார், இன்றைக்கு.
எல்லாப் பையையும் கவுண்டரில் கொட்டினார்:
ஒரு வாஷர், பல்குத்தி, கால்நடை மருத்துவரின் சீட்டு.
நாய்க்கு என்ன என்று கேட்டேன்.
காது. சீழ். காலையும் மாலையும் சொட்டு மருந்து.
வேறு யாரையும் கிட்டே விடாது,
முழங்கால்களுக்கு நடுவே தலையை இடுக்கிக்கொண்டுதான் விட வேண்டும்
என்று செய்து காட்டினார், நின்றபடியே,
இல்லாத நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு.
எத்தனை நாளைக்கு என்றேன்.
அடுத்த வியாழன் வரை, என்றவர்
பிறகு பேசவில்லை.

என் பையிலிருந்து ஒரு சென்ட் போட்டேன்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் கதவு திறக்கும் முன்பே நின்றிருந்தார்.
முதலில் அந்த ஒரு சென்ட்டை வைத்தார்.
பிறகு பெட்டியை. முத்திரை உடையவில்லை.
எனக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்து:
விற்ற தோட்டா திரும்பப் பெறப்படாது.
அவர் அதைப் படித்தார். நானும் திரும்பிப் படித்தேன்,
முதல் தடவை பார்ப்பவள் போல.
மெர்ல் வங்கிக்குப் போயிருந்தார்.

என் பர்ஸிலிருந்து எண்ணி வைத்தேன்,
இருபத்தொன்று நாற்பது, வரியும் சேர்த்து.
காரணம் கேட்கவில்லை.
காது எப்படி இருக்கிறது என்றேன்.
இன்னும் நாறுகிறது என்றார்.

அந்தப் பெட்டி என் இழுப்பறையில்,
ரசீதுச் சுருள்களுக்கு அடியில்.

வரி ஆளைக் காப்பாற்றும் என்று சொல்ல வரவில்லை.
மேலவையில் போய் அப்படிச் சாட்சி சொன்னால் சிரிப்பார்கள்,
நானே சிரிப்பேன்.
முழு நோட்டை நீட்டி, பெட்டியை வாங்கி,
சில்லறை தேடாமல் வரிசை நகரும் அந்த மூன்று நாளில்
யாரிடம் எதைக் கேட்பேன் என்பதுதான்.

சோதனைக்கு ஒரு சின்னப் பெட்டியை ஸ்கேன் செய்தேன்.
இருபது. மொத்தம் இருபது.
சரியாக வருகிறது என்று மெர்லுக்குக் குரல் கொடுத்தேன்.
ரசீது, எப்போதையும்விட ஒரு வரி குறைவாக,
சட்டென்று வெளியே வந்தது.