நான்காம் பொருள்

முதல் பொருள் தண்ணீர் சுத்திகரிப்பான்.
இரண்டாவது, விடுதி மாடிக் குரங்குகள்.
மூன்றாவதை யாரும் படிக்கவில்லை.
நான்காவது:
வாயிற்காவலர்களுக்குத் துப்பாக்கி.

வடக்கு தில்லி, ஜனவரி.
ஆசிரியர் அவையில் நாற்பத்தொரு பேர், இரண்டு ஹீட்டர்.
மதராஸி மேடத்துக்குக் கையெழுத்து அழகு என்று
யாரோ ஒருமுறை சொல்லிவைக்க
ஆறு வருடமாய்க் கூட்டக்குறிப்பு என் தலையில்.

செப்டம்பரில், தேர்தல் வெற்றி ஊர்வலத்தில்,
இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன்
வானத்தைப் பார்த்துச் சுட்டான்.
வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
கேன்டீன் தகரத்தில் ஓட்டை.
மாவு பிசைந்துகொண்டிருந்த ஃபுர்கானின்
வலது காதில் பாதி இல்லை.

"வங்கி வாசலில் இருக்கிறது,
நகைக்கடை வாசலில் இருக்கிறது,
நம் பிள்ளைகள் வளையலைவிட மலிவா?"
என்றார் பௌதிகத்து மல்ஹோத்ரா.
கைதட்டல்.
பேனா பிடித்திருந்ததால் நான் தட்டவில்லை.

"வாசலில் துப்பாக்கி நின்றால்
முதலில் யார் பையைத் திறக்கச் சொல்லும்
என்று எனக்குத் தெரியும்"
என்றாள் நுஸ்ரத்.
ஹீட்டர் ஒருமுறை டிக் என்றது.

யாரோ அமெரிக்கா என்றார்கள்.
அப்புறம் இருபது நிமிடம்
கூட்டம் அமெரிக்காவில் நடந்தது.

அந்த நேரம் பார்த்து நாற்காலி கொண்டுவந்தார் தேஜ்பால்.
பதினெட்டு வருடம் ராணுவம், நான்கு வருடம் எங்கள் கேட்.
நீங்களே சொல்லுங்கள் என்றார் முதல்வர்.
"கொடுத்தால் எங்கே வைப்பது, சார்?
என் அறைக்குப் பூட்டு கிடையாது.
ஒன்றுக்குப் போகும்போது
யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது?"

சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றார்.
"காவலர் அறைக்குப் பூட்டு வாங்கப் பரிந்துரை"
என்று எழுதிக்கொண்டேன்.

எழுத இடமில்லாத ஒன்று:
செப்டம்பரில் அந்தச் சத்தம் கேட்டபோது
புள்ளியியல் துறை மேசைக்கு அடியில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.
வாசலில் யாரிடமாவது ஒன்று இருக்கட்டும்,
கடவுளே, பெரியதாக இருக்கட்டும்
என்று வேண்டினேன்.
நுஸ்ரத் என் பக்கத்தில்தான் கிடந்தாள்.
அவள் என்ன வேண்டினாளோ.

ஆதரவு பத்தொன்பது. எதிர்ப்பு பத்தொன்பது.
இரண்டு பேர் போன் பேச வெளியே போயிருந்தார்கள்.
குறிப்பெழுதுபவருக்கு வாக்கு உண்டா என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
குரங்குகளும்.

கேன்டீனில் தகர ஓட்டையை
எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள்.
எனக்கும் தேஜ்பாலுக்கும் டீ சொன்னேன்.
"கியா?" என்று
இடது காதைத் திருப்பினான் ஃபுர்கான்.

மறுபடி சொல்ல வாயெடுத்து
நிறுத்திக்கொண்டு
கையைத் தூக்கினேன்,
இரண்டு விரல்.