ரைட்டர்

பட்டியலில் அவன் பெயர் ரைட்டர்.
போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இல்லை.
திருச்செங்கோடு வேலூர் ரோட்டில்
எங்கள் ரிக் ஆபீஸின் இரண்டாவது கம்ப்யூட்டரில்
நாங்கள் யாரும் வைக்காத வேலையாள்.

புரட்டாசி, ராத்திரி ஒன்பதரை.
சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம்.
கணக்கு சாஃப்ட்வேர் திறப்பதற்குள்
ஒரு டீ குடித்துவிடலாம் என்றாகிவிட்டது,
அதனால்தான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.
எட்டு எம்பி. சிபியு பூஜ்ஜியம்.
ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.
ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவனை
எங்கள் ஊரில் விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

"ஏனுங்க, வைரஸுங்களா?" என்றாள் மைனாவதி,
டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே.
போன வருஷம் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸ்.
காலையில் வந்து திறந்தால் கணக்கெல்லாம் பூட்டு,
சாவிக்கு டாலரில் விலை.
அவள் தம்பிக்கு அங்கேதான் வேலை.
இருந்தது.

முதலில் விலாசம்.
எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறான்?
புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் கம்பெனி, அதற்குள் இவன்.
டெம்ப்பில் கூடாரம் அடித்தவன் இல்லை.
பெயரில் ஏதாவது திருகல் உண்டா,
எல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று நிற்கிறதா,
திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன்,
பத்திரத்தில் சர்வே நம்பர் பார்ப்பதுபோல.
வலது கிளிக். கையெழுத்து செல்லும்.
வெளியே யாரிடமாவது பேசுகிறானா?
போர்ட்டுகளை வரிசையாக விசாரித்தேன்.
பிரிண்டர் பேசியது.
பிரவுசர் ஏழெட்டுப் பேருடன் ஒரே நேரத்தில் பேசியது.
இவன் வாயே திறக்கவில்லை.

அதன் பிறகுதான்
அவன் வேலை என்னவென்று தேடிப் படித்தேன்.
பேக்கப் எடுக்க ஆள் வரும்போது
"சித்த நேரம் யாரும் எழுதாதீங்க" என்று
டேட்டாபேஸைக் கைகாட்டி நிறுத்துவான்.
படம் எடுத்தானதும் விட்டுவிடுவான்.
கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபருக்குப் பக்கத்தில்
லைட் பிடித்து நிற்கிற பையன்,
அந்த அளவு வேலை.

கடைசியாக உன்னை எப்போது கூப்பிட்டார்கள்?
லாகில் தேடினேன்.
மாசியில். ஏழு மாதம்.
மெஷின் எழும்போதெல்லாம் கூடவே எழுந்து
எட்டு எம்பி இடத்தில் குந்திக்கொண்டு
வராத ஆளுக்குக் காத்திருந்திருக்கிறான்.

அப்போது ஜபல்பூர் பக்கமிருந்து குப்பணன் போன்.
பின்னால் கம்பிரஸர் இரைச்சல்,
அதற்கும் பின்னால் யாரோ இந்தியில் அழுவது மாதிரி, அல்லது திட்டுவது மாதிரி.
"எழுநூத்தி நாப்பது அடிங்க. தண்ணி இல்லீங்க,
வெறும் புகைதான்."
துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன்.
அடுத்த போன் முதலாளி அர்த்தனாரி.
"எழுநூத்தி எம்பதுன்னு போட்டுருப்பா.
ஏஜென்ட் கமிஷன் பின்ன யாரு தருவா?"
போட்டேன். இது முதல் தடவை இல்லை.
நாற்பது அடிப் பாறையை
ஒரு விரலால் துளைத்து முடித்தேன்.
சின்னதாக ஒரு சுழல் சுற்றியது. சேவ் ஆகிவிட்டது.
எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறாய்,
கையெழுத்து யாருடையது என்று
அது என்னைக் கேட்கவில்லை.

"அப்ப பயமில்லீங்களா?"
மைனாவதி ஸ்கூட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"இவனால ஒண்ணுமில்ல" என்றேன்.
"நல்லவனுங்களா?"
"பதிவான ஆளு."
"என்னமோ போங்க" என்று கிளம்பிவிட்டாள்.

பென்டிரைவைச் செருகி
பேக்கப் கொடுத்தேன்.
ஒரு நொடி அவன் கை உயர்ந்திருக்கவேண்டும்.
திரையில் ஒன்றும் தெரியவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் தறி நிற்கவில்லை.
பட்டை பச்சையாகி, முடிந்தது என்று வந்தது.

பென்டிரைவ் லேசாகச் சுட்டது.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
அந்த நாற்பது அடி
இப்போது இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது.