கவிராயர் வகை

ஓபளராயர் காலமான மாசி மாதத்துக் கணக்கை
இன்னும் என்னால் முடிக்க முடியவில்லை.

யானை நூறு கொடுத்தார் என்று
நான்கு கவிராயர்கள் பாடியிருக்கிறார்கள்.
நானறிய எங்கள் கொட்டிலில் யானை நின்றதில்லை.
காளை இரண்டு; ஒன்றுக்கு முன்கால் ஊனம்.
அதைத்தான் பல்லவமங்கலத்துப் புலவர்
வழியெல்லாம் வைதுகொண்டே ஓட்டிப் போனார்.
மறுநாள் ஆசிரிய விருத்தத்தில்
அது மதகரி ஆகியிருந்தது.

வரவு: சுருட்டப்பள்ளித் துறையில் உப்புவண்டிச் சுங்கம்,
புளி, மலைத்தேன்.
செலவு: பட்டு, வெற்றிலை, ஏடு வார ஓர் ஆள்,
எழுத்தாணி பதினேழு
(பதினாறு திரும்பவில்லை),
ஆலங்காட்டிலிருந்து வந்த கண் தெரியாத பாடினிக்கு
ராயர் போர்த்தியிருந்த கம்பளி.
அன்று பனி.
அவர் இருமத் தொடங்கியது அன்றுதான்.

வீட்டில் தெலுங்கு. கோபத்தில் தெலுங்கு.
குதிரையோடு பேசுவதும் தெலுங்கு.
கவி என்றால் மட்டும் தமிழ்.
ஏனென்று கேட்டால் நகரி மூக்கைக் காட்டுவார்:
"அது எந்தப் பக்கம் மூச்சு விடுகிறது, சொல்."

இரவில் தாமும் எழுதுவார், வெண்பா.
காலையில் வாசிப்பார். சபை தலையாட்டும்.
நெல் அளந்து முடிந்ததும்
சபை கலைந்துவிடும்.

சாவுக்கு முந்தின ராத்திரி என்னை மட்டும் அழைத்தார்.
"பாட்டுக்குக் கூலி வாங்காதவன் நீ ஒருவன்தான்.
எங்கே இடிக்கிறது?"
ஓலையை வாங்கி விரல்விட்டு எண்ணினேன்.
"'ஆற்றில் மீன்துள்ளும்', இங்கே தளை தட்டுகிறது.
மாவுக்குப் பின் நிரை வர வேண்டும்.
கயல் என்று போட்டால் சரியாகிவிடும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி
இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.
பிறகு தெலுங்கில் சொன்னார்:
"ஆரணியாற்றில் நாற்பது வருஷமாய்க் குளிக்கிறேன்.
ஒரு கயலைக் கண்டதில்லையடா.
மீன்தான் இருக்கிறது."
இடது காதுக் கடுக்கனைக் கழற்றித் தந்தார்.

இரங்கற்பாவில் நூறு யானைகளும் அழுதன.

கடுக்கனை எந்த வகையில் எழுத?
கொடை என்றால் நான் புலவன்.
கூலி என்றால், தவறாகச் சொன்னதற்கா?
ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நேற்று துறைக்குப் போனேன்.
முழங்கால் தண்ணீரில் ஏதோ புரண்டது, குனிந்து பார்த்தேன்:
கெளுத்தி.
என்னையறியாமல் விரல்விட்டேன்.
நிரை.