படிவத்தில் இல்லாத மடை

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் பின்னால்,
கிரேட்டு அடுக்குகளுக்கும் மலைக்கோட்டை நிழலுக்கும் நடுவில்
ஓட்டுக்கூரையை நெற்றிவரை இழுத்துவிட்டு நிற்கிறது.
பென்சன் வாங்கிய வெள்ளைக்காரச் சார்ஜண்டு ஒருவன்
தன் ஊர்ச் சாராயக்கூடத்தை
ஞாபகத்திலிருந்து கட்டினானாம்.
ஞாபகத்தில் மழை ஓயவேயில்லை போல.
கூரை அவ்வளவு சரிவு.

பனியும் பெய்திருக்கிறது:
மூன்றடி அகலக் கணப்பு, கருங்கல் நெற்றி.
மார்கழியில் பத்து நாள் எரிந்திருக்கும்.
மிச்ச வருஷமெல்லாம் புகைபோக்கி தேனீக்களுடையது.

நாடாவின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை திம்மராயனிடம்.
"பதினாலடி ரெண்டு இஞ்ச்க்கா."
எழுதுகிறேன்.
சுவரில் குறுக்கும் மறுக்குமாகக் கறுப்பு உத்திரங்கள்,
தட்டினால் மரமில்லை,
சுண்ணாம்பின் மேல் இழுத்த தார்.
எதையும் தாங்காத உத்திரங்களுக்குப்
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: அலங்காரம்.

ஊற்றும் மேடை வேங்கை மரம், பதினோரடி.
கால் வைக்கப் பித்தளைக் கம்பி, பாதி திருடு போனது.
மேடைமேல், முகத்துக்கு நேரே,
கொடியும் பூவும் கீறிய சின்னக் கண்ணாடிக் கதவுகள்.
அச்சில் சுழலும்.
துரை திறந்தால் ஊற்றுகிறவன் தெரிவான்.
மூடினால் கை மட்டும். கையும் கோப்பையும்.
குடிக்கிற முகத்தை ஊற்றுகிறவன் பார்த்துவிடக் கூடாது,
அவ்வளவுதான், அதற்கு இத்தனை பூ.
ஏழில் இரண்டு மிச்சம்.
அந்த இரண்டுக்காகத்தான் கட்டடம் பட்டியலில் ஏறியது.
பொறியாளர் போனில் மூன்று முறை சொல்லிவிட்டார்:
கண்ணாடி பத்திரம்மா.

பின்சுவருக்குப் போனபோது
திம்மராயன் உண்ணிச்செடியை அரிவாளால் ஒதுக்கிவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.
"இது என்னக்கா?"

சுவரைத் துளைத்து வெளியே நீட்டிய கல்.
இடுப்புக்குக் கீழே. ஒரு முழ நீளம். நடுவில் வாய்க்கால்.
உள்ளே போய்ப் பார்த்தேன்:
மேடையின் இடது ஓரத்தில் அதன் தலைமாடு.
உள்ளே ஊற்றினால் வெளியே வரும்.
வெளியே கோப்பை வைக்க மாடமில்லை, திட்டில்லை.

பள்ளத்தின் ஆழம் ஒன்றேகால் இஞ்ச்.
அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
இரண்டு கையையும் சேர்த்துக் கல்லுக்குக் கீழே பிடித்தான்.
சரியாக இருந்தது.
அந்த உயரம் அப்படி உட்கார்கிறவனுக்கென்றே
அளந்து வைத்த உயரம்.

"குதிரைக்காரங்களுக்கு," என்றான்.
அப்புறம்,
"அரூர்ப் பக்கம் டீக்கடையில எங்கப்பாவுக்குன்னு
கொட்டாங்குச்சி கூரையில சொருகியிருக்கும்.
அதையாச்சும் ஒருநாள் மிதிச்சு ஒடைச்சாரு.
இது கல்லுக்கா."

போன் செய்தேன்.
"மூல வரைபடத்துல இல்லையே.
பின்னாடி யாரோ சேர்த்திருப்பான். சிமெண்டு வச்சு அடைச்சிடுங்க,
மழைத்தண்ணி உள்ள வரும்."
வராது சார், சரிவு வெளிப்பக்கம், என்றேன்.
எதுவுமே உள்ளே வந்துவிடாதபடிதான்
வெட்டியிருக்கிறார்கள் என்பதைச்
சொல்லவில்லை.

பாதுகாக்க வேண்டியவை:
ஒன்று, கண்ணாடி. இரண்டு, வேங்கை மேடை. மூன்று, கணப்பு.
நான்காவது வரியில் பேனா நின்றது.
மடை என்றால் வயலுக்குப் போய்விடும்.
தூம்பு என்றால் ஏரிக்கு.
அவர்கள் பாஷையில் இதற்குப் பெயர் இருந்ததோ என்னவோ,
கட்டினவனுக்குத் தேவைப்பட்டிருக்காது.
கல், ஒரு முழம், அடைக்கக் கூடாது
என்று எழுதினேன். பெயர்க் கட்டம் காலி.

தக்காளி லாரி ஹாரன் அடித்தது, எங்கள் ஜீப் வழிமறித்து நின்றதால்.
திம்மராயன் போய் நகர்த்தினான்.

அளவு புரிவதற்காக
வரைபடத்தில் ஓர் ஆளை வரைவது வழக்கம்.
கணப்புக்குப் பக்கத்தில் நிற்கிறான்.
மேடையில் முழங்கை ஊன்றியிருக்கிறான்.
பின்சுவர்த் தாளில் அவனை எப்படி வைப்பதென்று
ராத்திரி பதினொன்றாகியும்
பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.